சென்சாரும் மோடும்: கேமரா வாங்கும் முன் ஓர் ஒளிக்கணக்கு

நான்கு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். நான்கின் பெட்டியிலும் ‘20 மெகாபிக்சல்’ என்றே அச்சிட்டிருக்கிறது. ஒன்று சட்டைப்பையில் அடங்கிவிடும், விலையும் குறைவு. இன்னொன்றை வாங்க ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைக் கொடுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் எடுத்த படங்களைக் கைப்பேசித் திரையில் பார்த்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது கடினம். மாலை ஏழு மணிக்குக் கோயில் பிரகாரத்தில் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், பழக்கமில்லாதவர்கூடச் சொல்லிவிடுவார். புள்ளிகளின் எண்ணிக்கை நான்கிலும் ஒன்றுதான். வேறுபாடு அந்தப் புள்ளிகளைத் தாங்கும் சென்சாரின் பரப்பில் இருக்கிறது.

மலிவான காம்பாக்ட் கேமராவின் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. ‘ஒரு இன்ச்’ சென்சார் 13.2 × 8.8 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.; கேனன் கேமராக்களில் இது இன்னும் கொஞ்சம் சிறியது. ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் காம்பாக்டுக்கு 28 சதுர மி.மீ., ஃபுல் ஃபிரேமுக்கு 864 சதுர மி.மீ. முப்பது மடங்கு வித்தியாசம்.

சென்சார் அளவை ஒரு தலைப்பாகவும், கேமராவின் மேல் இருக்கும் மோடு டயலை வேறொரு தலைப்பாகவும் பேசுவது வழக்கம். உண்மையில் இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள். ஒரு படத்துக்கு மொத்தம் எவ்வளவு ஒளி சேர்கிறது? அந்த ஒளியைச் சேர்க்க நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம்? இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் கேமரா வாங்குவதும் எளிது, வாங்கிய கேமராவைப் பயன்படுத்துவதும் எளிது.

ஒளியை எண்ணும் சில்லு

சென்சார் என்பது சிலிக்கான் சில்லு. ஒளித்துகளான ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. ஒவ்வொரு பிக்சலும் தன்னில் சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணிச் சொல்கிறது. படம் என்பது இப்படிப்பட்ட இரண்டு கோடி எண்ணிக்கைகளின் பட்டியல்தான்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி சில்லு இதற்கு வழி திறந்தது. 2009-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-ல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். அதில் 10,000 பிக்சல்கள். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. பிக்சலுக்கு நிறம் தெரியாது, ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதே கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வடிவமைத்த வடிகட்டிக்கு 1976-ல் காப்புரிமை கிடைத்தது. அதில் பாதிப் பிக்சல்கள் மேல் பச்சை, மீதியில் சிவப்பும் நீலமும் சரிபாதி. இன்றைய பெரும்பாலான கேமராக்களில் அந்த அடுக்குமுறையே தொடர்கிறது.

இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிவதைப் புகைப்படக்காரர்கள் ‘நாய்ஸ்’ என்கிறார்கள். தமிழில் இரைச்சல் என்று சொல்லலாம். இது பெரும்பாலும் கேமராவின் குறைபாடு அன்று, ஒளியின் இயல்பு. ஃபோட்டான்கள் ஒரே சீராக வருவதில்லை, தற்செயலாக வந்து விழுகின்றன. நூறு நாணயங்களைச் சுண்டினால் ஏறக்குறைய ஐம்பது தலை விழும். ஐந்து கூடலாம், குறையலாம். அது பத்து சதவீத ஆட்டம். பத்தாயிரம் நாணயங்களைச் சுண்டினால் ஐயாயிரம் தலையில் ஆட்டம் ஐம்பதுதான், ஒரு சதவீதம். எண்ணிக்கை கூடக்கூட ஆட்டத்தின் விகிதம் குறைகிறது. பிக்சலிலும் இதேபோன்ற விதிதான். 100 ஃபோட்டான் சேர்ந்த பிக்சலில் ஆட்டம் 10. 10,000 சேர்ந்ததில் ஆட்டம் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. ஒளி நான்கு மடங்கானால் இரைச்சலின் விகிதம் பாதியாகிறது.

ஐஎஸ்ஓ பற்றிய ஒரு தவறான எண்ணமும் இங்கே தெளிந்துவிடும். ஐஎஸ்ஓவை 100-லிருந்து 3200-க்கு ஏற்றினால் சென்சாரில் கூடுதலாக ஓர் ஒளித்துகளும் விழாது. சேர்ந்த கொஞ்ச ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. இரைச்சலும் கூடவே பெருகித் தெரிகிறது. இரைச்சலுக்கு வேர் ஒளிக்குறைவு. ஐஎஸ்ஓ எண் அந்தக் குறைவின் அறிகுறி.

அளவுகள் வந்த வழி

36 × 24 மி.மீ. என்ற அளவு ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக்கிடமிருந்து வந்தது. ஆஸ்துமாக்காரரான அவருக்கு, கண்ணாடித் தகடுகள் செருகும் கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது முடியாத காரியம். 35 மி.மீ. சினிமா ஃபிலிமை எடுத்து, சினிமாவின் 18 × 24 மி.மீ. கட்டத்தை இரட்டிப்பாக்கி, கையடக்கமான கேமரா ஒன்றைக் கட்டினார். அதுவே 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் லைகா என்ற பெயரில் வெளிவந்தது. இன்று ‘முழு’ அளவு என்று கொண்டாடப்படுவது, அன்று தூக்கிச் செல்ல வசதியான சின்ன அளவாகப் பிறந்ததுதான்.

ஏபிஎஸ்-சி என்பது 1996-ல் வந்து பின்னர் மறைந்த ஏபிஎஸ் ஃபிலிம் முறையின் ஒரு கட்ட அளவைத் தழுவியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 2008-ல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த முறை. ‘ஒரு இன்ச்’ சென்சாரில் எந்தப் பக்கமும் 25.4 மி.மீ. இல்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களை அவற்றின் வெளிவிட்டத்தால் குறிப்பிட்ட வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே விவரத்தாளில் இன்ச் கணக்கை விட்டுவிட்டு மி.மீ. கணக்கைத் தேடிப் படியுங்கள்.

பெரிய சென்சார் விலை கூடியதாக இருப்பதற்கு உற்பத்தி முறையே காரணம். 200 மி.மீ. விட்டமுள்ள சிலிக்கான் வட்டிலிருந்து ஃபுல் ஃபிரேம் சில்லுகள் இருபது, இருபத்தைந்துதான் வெட்ட முடியும். சிறிய சில்லுகள் என்றால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். வட்டில் பத்து இடங்களில் பழுது இருந்தால் சிறிய சில்லுகளில் பத்து வீணாகும். பெரியவற்றிலும் பத்துவரை வீணாகலாம், அது விளைச்சலில் பாதி. மேலும், சில்லின் மேல் சுற்றுகளை ஒளியால் பதிக்கும் இயந்திரங்கள் ஒரு தடவையில் பதிப்பது வழக்கமாக 26 × 33 மி.மீ. பரப்பு. ஏபிஎஸ்-சி அதற்குள் அடங்கிவிடும். ஃபுல் ஃபிரேமைப் பகுதி பகுதியாகப் பதித்து ஒட்டுச் சேர்க்க வேண்டும்.

லென்ஸைச் சேர்க்காத கணக்கு பாதிக் கணக்கு

‘பெரிய சென்சார் என்றால் நல்ல படம்’ என்பது, முன்னால் இருக்கும் லென்ஸ் சமமாக இருந்தால் மட்டுமே உண்மை. எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை அதன் ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்த ஈவு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 4-ல் வைத்தால் துளையின் விட்டம் 12.5 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதே காட்சிக்கோணம் கிடைக்க 25 மி.மீ. லென்ஸ் போதும். அதை எஃப் 2-ல் வைத்தால் துளை அதே 12.5 மி.மீ. ஒரே இடத்தில் நின்று ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், இரண்டு படங்களிலும் சேரும் மொத்த ஒளி ஏறக்குறைய ஒன்றே. பின்னணி மங்கும் அளவும் ஒன்றே. சென்சாரின் பரப்பு நான்கில் ஒரு பங்காக இருந்தும், திறந்த லென்ஸ் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டது.

இந்த ஒப்பீட்டுக்கு உதவும் எண்தான் ‘கிராப் ஃபேக்டர்’. ஏபிஎஸ்-சிக்கு 1.5 (கேனனில் 1.6), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2, ஒரு இன்ச்சுக்கு 2.7. குவியத் தூரத்தையும் எஃப் எண்ணையும் இந்த எண்ணால் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் அதற்கு இணை எது என்று தெரியும். விளம்பரங்கள் குவியத் தூரத்தை மட்டும் பெருக்கிச் சொல்லும், எஃப் எண்ணை அப்படியே விட்டுவிடும். நீங்கள் இரண்டையும் பெருக்குங்கள்.

ஏபிஎஸ்-சி கேமராவோடு வழக்கமாக வரும் 18-55 கிட் லென்ஸ், 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதைக் கழற்றிவிட்டு, மலிவாகவே கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். அதே கிட் லென்ஸின் தரத்திலேயே நின்றுகொண்டு ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால், பரப்பால் கிடைக்கும் லாபம் சுமார் 2.4 மடங்குதான். புது உடல் வாங்கச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பங்கு, ஒரு நல்ல லென்ஸில் நான்கு மடங்கு பலன் தருகிறது. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிறிய சென்சார் நேரடியாக உதவும் இடங்களும் உண்டு. 300 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 450 மி.மீ. போலவும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 600 மி.மீ. போலவும் காட்சியைக் குறுக்கித் தருகிறது. ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கம் வேண்டுமானால் கனமான, விலை மிகுந்த லென்ஸைத் தோளில் சுமக்க வேண்டும். எறும்பையும் வண்ணத்துப்பூச்சியையும் நெருங்கி எடுப்பவர்களுக்கு, முழுப் பூச்சியும் தெளிவாக விழச் சிறிய சென்சாரில் துளையை மிகவும் குறுக்க வேண்டியிருக்காது.

கைப்பேசி இதே கணக்கை வேறு வழியில் போடுகிறது. ஒரு படத்துக்குப் பதிலாகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஒன்பது படங்களின் சராசரியில் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். அசையாத கோபுரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். ஓடும் குழந்தைக்கும் பறக்கும் பறவைக்கும் பொருந்துவதில்லை.

டயலில் இருக்கும் நான்கு எழுத்துகள்

ஒளியைத் தீர்மானிப்பவை சென்சார், துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். சென்சாரை வாங்கும்போதே முடிவு செய்துவிட்டோம். மற்ற இரண்டையும் ஒவ்வொரு படத்துக்கும் யார் முடிவு செய்வது என்பதைச் சொல்வதுதான் மோடு டயல். 1977-ல் வந்த மினோல்டா எக்ஸ்டி-7 துளைக்கு முன்னுரிமை, நேரத்துக்கு முன்னுரிமை என்ற இரண்டு வழிகளையும் ஒரே கேமராவில் தந்தது. அடுத்த ஆண்டு வந்த கேனன் ஏ-1, இரண்டையும் கேமராவே தேர்ந்தெடுக்கும் புரோகிராம் முறையையும் சேர்த்தது. இன்றைய டயலின் அடிப்படை அன்றே அமைந்துவிட்டது.

‘பி’யில் துளையையும் நேரத்தையும் கேமரா தேர்ந்தெடுக்கும், சக்கரத்தைத் திருப்பி அந்த ஜோடியை நாம் மாற்றலாம். ‘ஏ’ (கேனனில் ‘ஏவி’) என்றால் துளை நம் கையில், நேரம் கேமராவின் கையில். ‘எஸ்’ (கேனனில் ‘டிவி’) அதற்கு நேர்மாறு. ‘எம்’ என்றால் இரண்டும் நம் பொறுப்பு. ‘ஆட்டோ’ மட்டும்தான் எதையும் நம்மிடம் கேட்பதில்லை. அதனால் அதில் எத்தனை ஆயிரம் படம் எடுத்தாலும் கற்றுக்கொள்வது குறைவு.

‘எம்’மில் எடுத்தால்தான் புகைப்படக் கலைஞர் என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. இதில் சாரம் இல்லை. மேகம் வந்து வந்து போகும் மாலையில், நேரத்தை ஒவ்வொரு நொடியும் கையால் திருப்பிக்கொண்டிருப்பவர் காட்சியைத் தவறவிடுவார். நமக்கு முக்கியமான ஒன்றை நாம் பிடித்துக்கொண்டு, மற்றதைக் கேமராவிடம் விடுவதே முறை. பின்னணி மங்க வேண்டுமா, கோபுரம் முழுதும் தெளிவாக வேண்டுமா என்பது முக்கியமானால் ‘ஏ’. அசைவை உறைய வைக்க வேண்டுமா, குற்றால அருவியைப் பாலாக ஓடவிட வேண்டுமா என்பது முக்கியமானால் ‘எஸ்’. மேடை வெளிச்சம் மாறாமல் இருக்கும்போதும், பல படங்களை ஒரே மாதிரி எடுக்க வேண்டியபோதும் ‘எம்’.

மார்கழிக் கச்சேரி ஒன்றைப் பார்ப்போம். அரங்கில் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போடுகிறோம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால், அதில் நேரடியாக எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிப்பதால், வேகம் 1/250 என்று இருந்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழலாம். 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் ஒவ்வொரு வரியும் விளக்கின் முழுத் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். ஆகவே ‘எம்’ மோடு, 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். இதே அமைப்பில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் படத்தில் இரைச்சல் ஃபுல் ஃபிரேம் படத்தைப்போல் இரண்டு மடங்காகத் தெரியும். அங்கே எஃப் 1.4 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓவை 800-க்கு இறக்கலாம்; இரண்டும் சமமாகிவிடும்.

கொக்கின் வெள்ளை, நீர்க்காகத்தின் கறுப்பு

எந்த மோடில் இருந்தாலும் கேமராவின் ஒளிமானிக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்கு உறுதியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து சராசரியாக நடுச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்திலேயே அது கணக்குப் போடுகிறது. புதிய கேமராக்கள் முகத்தையும் பறவையையும் அடையாளம் கண்டு திருத்திக்கொள்ள முயல்கின்றன. ஆனாலும் அடிப்படை அதுதான்.

வேடந்தாங்கல் ஏரியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு சிறிதாகத் தெரிகிறது. ஒளிமானி கரும்பச்சையைப் பார்த்து, இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டுகிறது. இலைகள் வெளிறுகின்றன, கொக்கு இறகின் நுட்பமெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிறது. இங்கே, கேமராவின் ஒளிக்கணக்கைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 அல்லது அதற்கும் கீழே வைக்க வேண்டும். அதே கொக்கு அருகில் வந்து சட்டகம் முழுவதையும் நிறைத்தால் கதை தலைகீழாகிறது. இப்போது ஒளிமானி பார்ப்பதெல்லாம் வெள்ளை. அதைச் சாம்பலாக்கப் பார்க்கிறது. பிளஸ் பக்கம் திருப்பினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். அருகிலேயே ஒரு நீர்க்காகம் வெளிறிய வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சிறகு காயப்போட்டுக்கொண்டிருந்தால் அது வெறும் நிழலுருவாகிவிடும், அதற்கும் பிளஸ்தான். ஒரே ஏரி, ஒரே வெயில். மாறியது சட்டகத்துக்குள் வெள்ளையும் கறுப்பும் பிடித்த இடம்.

பறவை பறக்கத் தொடங்கினால் நேரம் முக்கியமாகிறது. 1/2000 வைத்தால் சிறகு உறையும். நடைமுறையில் பலர் ‘எம்’மில் வேகத்தையும் துளையையும் நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுகிறார்கள், வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை ஐஎஸ்ஓ சமாளித்துக்கொள்ளும். மரத்தில் அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 போதும். 300 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சியில் கையில் பிடித்து எடுக்க, கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க ஏறக்குறைய அதே வேகம் வேண்டும். லென்ஸில் அசைவுத் தடுப்பு இருந்தால் நம் கையின் நடுக்கம் தணியும். பறவையின் அசைவை அது தணிக்காது.

கூடவே, ‘ரா’ கோப்பாகப் பதியும் பழக்கம் நல்லது. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்துக்கொள்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள். இருட்டில் தவறிய அளவைப் பின்னர் மீட்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன வெள்ளையை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் வெள்ளைக்கு முதலில் காவல் இருங்கள். வெளுத்த இடத்தைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையைத் திரையில் போட்டு வையுங்கள்.

யாருக்கு எது?

பறவைகளைத் தேடி நடப்பவருக்கும், பயணத்தில் எடை குறைய வேண்டியவருக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அல்லது ஏபிஎஸ்-சி. பிரகாரம், கச்சேரி, வீட்டுக்குள் குழந்தைகள் என்று எல்லாம் கலந்து எடுக்க விரும்பும் புதியவருக்கு, எஃப் 1.8 லென்ஸோடு ஏபிஎஸ்-சி. இரவு வானம், மங்கிய அரங்குகள், பெரிய அச்சுப் பிரதிகள் என்று அடிக்கடி செய்பவருக்கும், நல்ல லென்ஸ்கள் வாங்கவும் சுமக்கவும் தயாராக இருப்பவருக்கும் ஃபுல் ஃபிரேம். எப்போதும் கூடவே இருக்க வேண்டிய கேமராவுக்கு ஒரு இன்ச். சிறிய சென்சார் காம்பாக்டை மட்டும் இன்று வாங்க வேண்டியதில்லை; நல்ல கைப்பேசி அந்த வேலையைச் செய்துவிடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை லென்ஸுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். வாங்கி வந்த அன்றே டயலை ‘ஏ’யில் வையுங்கள், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு தடவை யோசித்துத் திருப்புங்கள். அந்த யோசனை கைக்கு வந்த பிறகும் இருட்டில் ஒளி போதவில்லை என்று படங்களே சொன்னால், அப்போது பெரிய சென்சாருக்குச் செலவழியுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.